சவ்வு வழியே பரவல்: டயாலிசிஸ் குழாயில் ஒரு சோதனை

இந்தச் சோதனைக்கு டயாலிசிஸ் குழாய், ஸ்டார்ச், குளுக்கோஸ், அயோடின் கரைசல் (ஸ்டார்ச்சோடு சேர்ந்தால் கருநீலமாகும்), பெனடிக்ட் கரைசல் (குளுக்கோஸோடு சூடாக்கினால் நீலத்திலிருந்து நிறம் மாறும்), இரண்டு பீக்கர்கள் போதும். குழாயின் சுவர் செல்லுலோஸால் ஆன அரை ஊடுருவு சவ்வு, அதாவது சிறிய மூலக்கூறுகளை மட்டும் கடக்கவிடும் சவ்வு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்டது.

முதலில் 1 கிராம் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கலக்கி, மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். நன்றாக ஆறவிடுங்கள். சூடான ஸ்டார்ச்சில் அயோடினின் நீல நிறம் நிற்காது. ஆறியதும் 10 கிராம் குளுக்கோஸைக் கரையுங்கள்.

இரண்டு குழாய்த் துண்டுகளை நீரில் சில நிமிடம் ஊறவைத்து, விரல்களுக்கிடையே தேய்த்தால் வாய் திறக்கும். ஒரு முனையை இறுக்கி முடிந்து, முக்கால் பங்கு கரைசல் ஊற்றி, மறுமுனையையும் முடியுங்கள். முழுக்க நிரப்ப வேண்டாம். சவ்வூடு பரவலால் வெளிநீர் உள்ளே புகுந்து பை விறைக்கும்.

பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இனிமேல்தான். பைகளின் வெளிப்புறத்தை, முடிச்சு உட்பட, ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். வெளியே ஒட்டிய ஒரு துளி குளுக்கோஸ் போதும், சோதனையே பொய்யாகிவிடும். அதனால் ஒரு பையைச் சாதா நீர் உள்ள பீக்கரில் போட்டவுடனே கொஞ்சம் வெளிநீரை எடுத்துத் தனியே வையுங்கள். ஒப்பிட இது இல்லாமல் கடைசியில் வரும் நிறத்தை நான் நம்பமாட்டேன். இரண்டாவது பையை அயோடின் கலந்த நீரில் வையுங்கள். அயோடின் கறை எளிதில் போகாது, கையுறை நல்லது.

அரை மணி நேரம் காத்திருங்கள். அயோடின் பீக்கரில் பையின் உள்ளே கருநீலம் ஏறியிருக்கும். வெளிநீர் பழுப்பாகவே இருக்கும். அயோடின் உள்ளே போனது, ஸ்டார்ச் வெளியே வரவில்லை.

அப்புறம் மற்ற பீக்கரின் வெளிநீரையும், முதலில் எடுத்து வைத்ததையும் தனித்தனிச் சோதனைக் குழாய்களில் பெனடிக்ட் கரைசலோடு கலந்து, கொதிநீர் உள்ள பாத்திரத்தில் 5 நிமிடம் வையுங்கள். முதல் மாதிரி நீலமாகவே இருக்க வேண்டும். பிந்தையது பச்சை, மஞ்சள் அல்லது செங்கல் சிவப்பாக மாறினால் குளுக்கோஸ் வெளியேறியிருக்கிறது.

காரணம் அளவுதான். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. ஸ்டார்ச்சுக்கோ அது லட்சக்கணக்கில் போகும்.

முதல் மாதிரியே நிறம் மாறினால்? பையைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது முடிச்சு கசிகிறது. புதுத் துண்டு எடுத்துத் திரும்பச் செய்யுங்கள்.