பழைய பாஸ் கிடாரை விற்கும் முன் நாட்காட்டியைத் திறங்கள்

பாஸ் வாசிப்பவர்களிடம் இரண்டு பழக்கங்கள் சேர்ந்தே வளரும். ஒன்று, தேவைக்கு மேல் பாஸ் கிடார்களை வாங்கி அடுக்குவது. மற்றொன்று, தேவைக்கு மேல் இசைக்குழுக்களுக்குத் தலையாட்டுவது. கிடார் வாசிக்க ஆள் கூப்பிட்டால் வந்துவிடுவார். பாஸுக்குத்தான் தேடி அலைய வேண்டியிருக்கும். அதனால் சுமாராக வாசிப்பவரைக்கூட இரண்டு மூன்று குழுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தக் குழுவுக்கு இந்தத் தொனி வேண்டும் என்ற சாக்கில் ஒவ்வொரு பாஸும் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

எதை விற்பது என்பதும் எந்தக் குழுவில் நீடிப்பது என்பதும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்கப் போனால், அடுத்த மாத நிகழ்ச்சிக்கு வேண்டிய பாஸை இந்த மாதமே விற்றுவிட்டு, யாரிடமாவது இரவல் கேட்டு நிற்க நேரும். முதல்முறை விற்கப் போகிறவர்களுக்காக இந்த வரிசை.

படி 1: எந்தக் குழுவுக்கு எந்த பாஸ்?

ஒரு தாளில் நீங்கள் வாசிக்கும் குழுக்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்கள் போதும்: என்ன சுருதி, பாடல்களில் வரும் மிகத் தாழ்ந்த ஸ்வரம் எது, ஒப்புக்கொண்ட தேதிகள் எதுவரை. வீட்டில் இருக்கும் பாஸ்களைப் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டு இணையுங்கள்.

நான்கு தந்தி பாஸின் வழக்கமான அடிமட்டம் 'ஈ'. ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பாஸ் அதற்கும் கீழே 'பி' வரை, ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கீபோர்டு முன்னிற்கும் குழுவில் பாடல்கள் 'டி', 'சி' என்று இறங்கிக்கொண்டே இருந்தால் ஐந்து தந்தி அங்கே ஆடம்பரம் ஆகாது. பாடகரின் குரலுக்காக ஒரு குழு எல்லாவற்றையும் அரைச் சுருதி இறக்கி வாசிக்கிறது, இன்னொரு குழு வழக்கமான சுருதியிலேயே வாசிக்கிறது என்றால், ஒரே பாஸை வாரத்துக்கு இரண்டு முறை ஏற்றி இறக்குவது தொல்லை. தந்தியின் இழுவிசை மாறும்போது கழுத்தின் வளைவும் கொஞ்சம் மாறும்; சுருதி நிலைக்க நேரம் பிடிக்கும். அங்கே இரண்டு நான்கு தந்தி பாஸ் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. நிறம் மட்டும் வேறாக, தொனியில் அண்ணன் தம்பி போல மூன்று இருந்தால் நியாயம் இல்லை.

எந்தக் கோடும் வந்து சேராத பாஸ்தான் விற்பனைக்கு உரியது. ஒரே ஒரு விலக்கு: மாற்றுக்கு ஒன்று வேண்டும். பேட்டரி தேவைப்படாத, எந்தக் குழுவிலும் ஒப்பேற்றக்கூடிய எளிய பாஸ் ஒன்றை அதற்காக ஒதுக்குங்கள். முதன்முதலில் வாங்கிய பாஸ் பெரும்பாலும் இந்த வேலைக்குப் பொருந்தும். அதை விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 2: வாங்குபவர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. விவரம் தெரிந்தவர் வந்ததும் முதலில் பாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கழுத்து நெடுகப் பார்ப்பார். அவர் தேடுவது வளைவை. நீங்களும் அளந்துவிடுங்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள்) ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இருந்தால் நல்ல நிலை. இடைவெளி கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். தந்தி ஃப்ரெட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் கால் சுற்று தளர்த்துங்கள். ராட் அசைய மறுத்தால் முரட்டுத்தனம் காட்டாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். நெளிந்த கழுத்தைக்கூடச் சிலர் பேரம் பேசி வாங்கிவிடுவார்கள். சிக்கிக்கொண்ட ட்ரஸ் ராட் என்றதும் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்தது ஃப்ரெட்டுகள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மெதுவாக வாசித்து, எங்கே கரகரக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஜி' தந்தியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஏதாவது ஓரிடத்தில் ஒலி சட்டென்று அடங்குகிறதா? பயப்பட வேண்டாம். கழுத்தைத் திருகாணியால் பொருத்திய பல பாஸ்களில் இது உண்டு. அந்த அதிர்வெண்ணில் கழுத்தும் சேர்ந்து அதிர்ந்து, தந்தியின் ஆற்றலை இழுத்துக்கொள்கிறது. இதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாங்குபவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்துக் கேட்டால், நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழும் ஒலியையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால், உடலில் தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒரு ஸ்க்ரூடிரைவரோடு முடிகிற வேலை.

மின் பகுதியில் பார்க்க வேண்டியது குறைவு, தலைவலி அதிகம். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உள்ளே சிறிது அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பலமுறை திருப்புங்கள். கேபிள் செருகும் ஜாக் ஆடினால் வெளி நட்டை மட்டும் முறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று கம்பி அறுந்துவிடும். மூடியைத் திறந்து உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். ப்ரீஆம்ப், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்று, உள்ளே இருக்கும் பாஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியைப் புதிதாகப் போடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். தீர்ந்துபோன பேட்டரியோடு சோதித்தவர் 'பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பாகம்) போய்விட்டது' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவார்.

துடைப்பது பற்றி ஒரு வரி: ஃப்ரெட்டுகள் பதித்த பலகை ரோஸ்வுட் என்றால் எலுமிச்சை எண்ணெய் துளி போதும், அரக்குப் பூச்சு உள்ள மேப்பிள் பலகைக்கு அதுவும் வேண்டாம்.

படி 3: அதன் பிறப்புச் சான்று

ஃபெண்டரின் பிரிசிஷன் பாஸ் 1951இல் வந்தது, ஜாஸ் பாஸ் 1960இல். அந்த வடிவத்தை அதன்பின் எத்தனையோ நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஆகவே தோற்றத்தை வைத்து வயது சொல்ல முடியாது. வரிசை எண்ணை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதோடு நிற்காதீர்கள், எண் பொறித்த தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிவிடலாம். பழைய பாஸ் என்றால் குமிழ்களின் அடியில், உடலுக்குள் இருக்கும் மின் பாகத்தில் பொறித்த எண்ணையும் பாருங்கள். 1376612 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, 66 ஆண்டு, 12 வாரம். அந்தப் பாகம் அசலாக இருந்தால் பாஸ் அதற்கு முன் பூட்டப்பட்டிருக்க முடியாது. அதையே யாராவது மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

நீங்கள் பிக்கப்பையோ பிரிட்ஜையோ மாற்றியிருந்து, அசல் பாகம் பெட்டியில் கிடந்தால், அதைத் திருப்பி மாட்டிவிட்டு மாற்றிய பாகத்தைத் தனியே விற்பதுதான் பெரும்பாலும் லாபம். நீங்கள் ஆசைப்பட்டுச் செய்த மாற்றத்துக்கு அடுத்தவர் பணம் தருவது அபூர்வம்.

படி 4: விலை, படம், பேச்சு

கேட்கும் விலைகளைப் பார்த்து விலை வைக்காதீர்கள். கேட்பதற்குக் காசா, பணமா? அதே மாதிரி, அதே நிலையில் உண்மையில் விற்றுப்போனவை என்ன விலைக்குப் போயின என்று தேடுங்கள். பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற எல்லையை முன்கூட்டியே மனத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முன்புறம், பின்புறம், தலைப்பகுதி, வரிசை எண், ஃப்ரெட்டுகள் நெருக்கத்தில், கழுத்து உடலோடு சேரும் இடம், ஒவ்வொரு கீறலும். விவரத்தில் எடையை எழுதுங்கள். மேடையில் இரண்டு மணி நேரம் தோளில் தொங்கப் போகும் பொருள் மூன்றரைக் கிலோவா நான்கரைக் கிலோவா என்பது முதுகுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எடையைப் பலர் எழுதுவதே இல்லை. தந்தி எப்படிப்பட்டது என்றும் சொல்லுங்கள். தட்டையான சுற்றுள்ள பழைய தந்திகளை விரும்பிக் கேட்பவர்கள் உண்டு, சாதாரணச் சுற்றுத் தந்தி பழசானால் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

உங்கள் குழுவில் ஒருவரே வாங்கிக்கொள்கிறேன் என்பார். தாராளமாக விற்கலாம், முழுத் தொகையும் ஒரே தடவையில் கைக்கு வரும் என்றால். தவணைக்கு ஒப்புக்கொண்டால் பாக்கி தீரும்வரை ஒவ்வொரு ஒத்திகையிலும் கடன்காரரும் கடன் கொடுத்தவருமாக முகம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 5: எப்போது கையை விட்டுப் போகலாம்?

முதல் படியில் எழுதிய தாளை மறுபடி எடுங்கள். விற்கும் பாஸின் வேலையை வேறொன்று ஏற்கப் போகிறது என்றால், அந்த மாற்று பாஸ் குறைந்தது ஒரு முழு ஒத்திகையைத் தாண்டிய பிறகுதான் பழையது வீட்டை விட்டுப் போகலாம். வாங்குபவர் அவசரப்பட்டால் முன்பணம் பெற்றுக்கொண்டு தேதி குறியுங்கள். 'இந்த நிகழ்ச்சி முடிந்த மறுநாள் தருகிறேன்' என்று சொன்னால் வாசிக்கிறவர் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தொலைவுக்கு அனுப்புவதானால் தந்திகளை முழுக்கக் கழற்றாமல் ஓரளவு தளர்த்துங்கள். பேட்டரியை எடுத்துவிடுங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய துணியோ தாளோ செருகுங்கள். உறைப்பெட்டிக்குள் தலைப்பகுதி ஆடாதபடி அடியிலும் பக்கங்களிலும் அடைத்துவிடுங்கள்; கீழே விழும் பாஸ் உடைவது பெரும்பாலும் அங்கேதான். எல்லை தாண்டிப் போகிறதென்றால் மரத்தையும் பாருங்கள். 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் எல்லா ரோஸ்வுட் வகைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அது 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

படி 6: பல குழுக்கள், ஒரே நாட்காட்டி

ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி வாட்ஸ்ஆப் குழு இருக்கும். உங்களுக்கு நாட்காட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதில் ஒரு தேதி மூன்று நிலைகளில் இருக்கலாம்: காலி, நிறுத்தி வைத்தது, உறுதியானது. 'அநேகமாக அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்கும்' என்று ஒரு குழு சொன்னால் நிறுத்தி வையுங்கள், கூடவே ஒரு கெடு வையுங்கள்: 'பதினைந்தாம் தேதிக்குள் உறுதியாகாவிட்டால் விட்டுவிடுவேன்.' வேறொரு குழு அதே நாளைக் கேட்டால் அவர்களிடம், 'முன்னால் ஒருவர் கேட்டிருக்கிறார், பதினைந்தாம் தேதி சொல்கிறேன்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிடிகொடுக்காமல் 'பார்க்கலாம்' என்று இழுப்பவர் மேல்தான் கோபம் வரும்.

உறுதி சொன்ன பிறகு அதிகப் பணம் தரும் அழைப்பு வந்தால்? முதலில் சொன்னதே நிற்க வேண்டும். இதில் நான் கறார். பாஸ் வாசிப்பவர்களின் உலகம் சிறியது. பணத்துக்காகக் கழற்றிக்கொண்டவர் என்ற பேச்சு அடுத்த ஒத்திகைக்கு முன்பே பரவிவிடும்.

மேடை ஏறும் நேரத்தை மட்டும் குறிக்காதீர்கள். புறப்படும் நேரம், ஆம்ப் இறக்கும் நேரம், ஒலிச் சரிபார்ப்பு, திரும்பும் நேரம் எல்லாம் சேர்த்துக் குறியுங்கள். மாலை ஏழு மணி நிகழ்ச்சி பல சமயம் பிற்பகலையே விழுங்கிவிடும். ஒரே நாளில் இரண்டை ஒப்புக்கொள்ளத் தோன்றும்போது இந்த மணிக்கணக்கைப் பார்த்தால் ஆசை தானாகவே அடங்கும்.

பாடல் குறிப்புகளும் இப்படித்தான். ஒரே பாடலை ஒரு குழு 'ஏ'யிலும் இன்னொரு குழு 'ஜி'யிலும் வாசிக்கும். ஸ்வரங்களைப் பெயரால் எழுதினால் இரண்டு தாள் வேண்டும். ஆதார ஸ்வரத்தை ஒன்று என்று வைத்து 1, 4, 5 என்று எண்ணாக எழுதினால் ஒரே தாள் போதும். தலைப்பில் குழுவின் பெயரையும் சுருதியையும் எந்த பாஸ் என்பதையும் குறித்தால் முடிந்தது. வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் இந்தத் தாள்களின் நகல் இருக்கட்டும். உடம்பு முடியாத நாளில் அவரை அனுப்பலாமா என்று குழுவிடம் இப்போதே, நிதானமாக இருக்கும்போது கேட்டு வையுங்கள்.

ஒரு குழுவிலிருந்து விலகுவது என்று தீர்மானித்தால், ஒப்புக்கொண்ட கடைசித் தேதிவரை வாசித்துவிட்டு விலகுங்கள், தாள்களை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் குழுவுக்கென்றே வைத்திருந்த பாஸ் இப்போது எந்தக் கோடும் சேராமல் நிற்கும். விளம்பரம் எழுத உட்காருவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பாடல்களுக்கு எந்த பாஸ் வேண்டும் என்று உங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறதே.