சிங்கமீன் குஞ்சுகள்: பலரும் தவறும் இடங்கள்

சிங்கமீன் என்றதும் துடுப்புகளை விசிறியாக விரித்து நிற்கும் வளர்ந்த மீன்தான் நினைவுக்கு வரும். இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்த இந்த மீன், அட்லாண்டிக்கில் முதலில் சிக்கியது 1985-இல், புளோரிடாவின் டானியா கடற்கரைக்கு அருகே. 2004-இல் பகாமாஸ் போய்ச் சேர்ந்தது. அப்புறம் கரீபியன் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே அதை ஆக்கிரமிப்பு மீன் என்று பிடித்து அழிக்கிறார்கள். வளர்ந்த மீன் தன் பாறையை விட்டுப் பெரிதாக நகராது. அங்கே தீவுக்குத் தீவு பரவியதெல்லாம் முட்டையும் குஞ்சும்தான். இதை மறந்துவிடுவதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

ஒரு பவளத்திட்டில் ஈட்டியால் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பெண் மீன் ஒவ்வொரு முறையும் சளி போன்ற இரண்டு உருண்டைகளை விடும். ஒவ்வொன்றிலும் 12,000 முதல் 15,000 முட்டைகள் வரை இருக்கும். வெதுவெதுப்பான நீரில் சில நாட்களுக்கு ஒருமுறை, வருடம் முழுக்க இது நடக்கும். ஒரே மீன் வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் முட்டைகள் இடும். உருண்டைகள் மேலே மிதந்து வந்து கரைய, முட்டைகள் ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். பிறகு குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தோடு போகும். ஆக, நீங்கள் சுத்தம் செய்த திட்டில் அடுத்த மாதம் வந்து இறங்கும் குஞ்சு வேறொரு தீவில் பிறந்ததாக இருக்கலாம். அதற்காகப் பிடிப்பதை விட்டுவிடக் கூடாது. ஒரு வயதுக்குள்ளேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும் மீன் இது. திரும்பத் திரும்பப் போய்ப் பிடிக்க வேண்டும்.

மிதவை உயிரிகளின் மாதிரியில் வரிவரியான குட்டிச் சிங்கமீனைத் தேடுவது இன்னொரு தவறு. அந்த வயதில் வரியே கிடையாது. உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள்: உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, முக்கோணமாக நீண்ட மூக்கு, தலையில் ரம்பப் பல் போன்ற முட்கள், மார்புத் துடுப்பில் மட்டும் கொஞ்சம் நிறம். 10, 12 மில்லிமீட்டர் ஆகும்போதுதான் அடியில் இறங்கிக் குடியேறும்.

அப்படி இறங்குவது பவளத்திட்டில் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் கடற்புல் வெளியிலும் இளம் மீன்கள் கிடைத்திருக்கின்றன. புளோரிடாவின் லாக்சஹாட்சி ஆற்று முகத்துவாரத்தில்கூட இருந்தன.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். விரல் நீளத்தில் வாங்கும் அழகான குட்டி, தொட்டியில் உள்ள மற்ற மீன்களை விழுங்கும் அளவுக்கு வளரும். அப்போது பாவம் பார்த்துக் கடலில் விடாதீர்கள், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அட்லாண்டிக்குக்கு இது வந்ததே தொட்டிகளிலிருந்துதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஒரு தொட்டியை உடைத்ததால் வந்தது என்ற கதை இன்னும் சுற்றுகிறது. முதல் மீன் கிடைத்தது அதற்கு ஏழு வருடம் முன்னால். குட்டிதானே என்று கையால் பிடிப்பதும் ஆபத்து, அதன் முள்ளிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, நம் பக்கத்து விஷயம். மன்னார் வளைகுடாவில் சிங்கமீனைக் கண்டதும் 'ஆக்கிரமிப்பு மீன்' என்று சிலர் பதறுகிறார்கள். இங்கே அது காலங்காலமாக வாழும் மீன். அதன் குஞ்சைத் தின்னவும் அதனோடு போட்டி போடவும் இங்கே ஆளுண்டு. கரீபியனில் கொல்லச் சொல்வதைப் படித்துவிட்டு இங்கே அதைக் கொல்ல வேண்டாம்.