மூலிகைப் பொடி விற்க வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நிழலில் காயவைப்பது, காற்றுப் புகாத டப்பா, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். வாட்ஸ்அப்பில் புதிதாகப் பொடி விற்கத் தொடங்குகிறவர்கள், நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் அடித்த அதே கூத்தை அச்சு மாறாமல் அடிக்கிறார்கள்.

உணவு உரிம எண்ணை வைத்துக்கொண்டு மருந்துப் பேச்சு

சிறுகுறிஞ்சான் பொடிப் பாக்கெட். கீழே பொடி எழுத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், மேலே கொட்டை எழுத்தில் 'சர்க்கரை நோய் அடியோடு தீரும்'. அந்த எண் உணவுக்கு. நோய் தீரும் என்று எழுதினால் அது மருந்து. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி சித்த மருந்து தயாரிப்பு உரிமம் வேண்டும். சரி, உரிமம் வாங்கிவிட்டால் எழுதலாமா என்றால், அப்போதும் முடியாது. 1954ஆம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது.

சட்டம்கூடப் போகட்டும். 'மாத்திரையை நிறுத்திடுங்க' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்களே, அதைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நிறுத்தினால் சர்க்கரை எகிறும். நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தாழ்ந்தும் போகலாம், ஏனென்றால் சிறுகுறிஞ்சான் வெறும் தழை இல்லை. நல்ல இலை இரண்டை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், இனிப்பே தெரியாது, மணலாகத்தான் இருக்கும்; சரக்கு எடுக்கும்போது நான் பார்க்கிற சோதனையே அதுதான். எங்கள் தெருவில் ஓர் அக்கா, சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரையோடு இந்தப் பொடியையும் சாப்பிட்டு, விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: 'உடம்புல இருக்க கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறிதான்.' குளுக்கோஸ் ஏற்றித்தான் தெளிந்தார்.

பெயரை மட்டும் சொல்லிச் சரக்கெடுப்பது

கீழாநெல்லி என்று கட்டுக்கட்டாக வருவதில் அதன் பங்காளிச் செடிகளும் கலந்திருக்கும். பில்லில் தாவரவியல் பெயர் கேளுங்கள், ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிடி எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் வேர் மாறிப்போய்ப் பல பெண்களுக்குச் சிறுநீரகமே போனது.

எட்டி, சேங்கொட்டை, நாவி

மூன்றும் நச்சுச் சரக்கு. வீட்டில் தொடாதீர்கள்.

'பக்க விளைவே கிடையாது'

லேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யாரோ அரைத்ததற்கு உங்கள் லேபிள்

மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் வலியை எடுக்கிறதென்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விற்காதீர்கள். ஏற்கெனவே விற்றிருந்தால், மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களை 'உடனே நிறுத்துங்கள்' என்று சொல்லி விட்டுவிடாமல், பாக்கெட்டோடு டாக்டரிடம் அனுப்புங்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து.