தெர்மாகோலில் ஒரு வாலில்லா விமானம்

திருநெல்வேலிப் பேட்டையில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று இருபது வருஷமாகச் செம்புக் கம்பி சுற்றுகிற கை. ஒரு நாள் அக்கா மகன் சின்ன பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, "மாமா, இதுல மூணு வயர் வருது, எதை எதோட கொடுக்கணும்?" என்று கேட்டான். பிரித்துப் பார்த்தேன். 12 பல், 14 காந்தம், மூன்று பேஸ். பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஒரு த்ரீ பேஸ் மோட்டார்! அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. இதுவரை ரிமோட்டில் பறக்கும் நான்கு வாலில்லா விமானம் கட்டியிருக்கிறோம். நாலாவதை எப்படிக் கட்டினோமோ அதை அப்படியே எழுதுகிறேன்.

வாலில்லா விமானம் என்றால் உடம்பு, வால் எதுவும் கிடையாது, முழுக்க இறக்கைதான். ஒரே தெர்மாகோல் தாளில் முடிந்துவிடும், விழுந்தால் ஒட்டவும் சுலபம். ஆனால் வால் செய்கிற வேலையையும் இறக்கையே செய்ய வேண்டும். அதனால் எடை எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் கணக்குத் தப்பவே கூடாது. எங்கள் முதல் விமானத்தில் மோட்டாரைப் பின்னால் வைத்து, கண் மதிப்பில் நடுவாகப் பார்த்து எடையை நிறுத்தினேன். கையை விட்டதும் மூக்கைத் தூக்கியது, பின்பக்கமாகப் புரண்டது, வரப்பில் குத்தியது. இரண்டு நொடிதான். பிறகு அளந்து பார்த்தால், நிற்க வேண்டிய இடத்துக்கு 30 மில்லிமீட்டர் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். அதைச் சரிக்கட்ட மூக்கில் ஈயம் கட்டினேன். பறந்தது, ஆனால் இறங்கும்போது கல் மாதிரி வந்தது. மூன்றாவதிலிருந்து மோட்டாரை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். ஈயமே தேவைப்படவில்லை. கையால் எறியும்போது விசிறி கைக்குப் பின்னால் சுற்றுகிற பயமும் போயிற்று.

அளவுகள் இவை. நுனியிலிருந்து நுனிக்கு 1000 மி.மீ. நடுவில் இறக்கையின் அகலம் 300, நுனியில் 200. முன் விளிம்பு நடுவிலிருந்து நுனிக்குப் போகும்போது 250 மி.மீ. பின்னால் சாய்ந்து போகிறது. ஒரு பக்க இறக்கை 500க்கு 450 செவ்வகத்துக்குள் அடங்கும். கடைகளில் கிடைக்கும் 1 மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் தாளில் இரண்டு பக்கமும் அடங்கிவிடும். 50 மி.மீ. கனத்தில், விரலால் அமுக்கினால் எளிதில் பள்ளம் விழாத கெட்டி ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எடை நிற்க வேண்டிய சமநிலைப் புள்ளி. நுனி அகலத்தை நடு அகலத்தால் வகுத்தால் 0.667. சராசரி அகலம் என்பது 2/3 × 300 × (1 + 0.667 + 0.444) ÷ 1.667, அதாவது 253 மி.மீ. இந்த அகலம் நடுக்கோட்டிலிருந்து 233 மி.மீ. தள்ளி வருகிறது. அந்த இடத்தில் முன் விளிம்பு மூக்குக்கு 117 மி.மீ. பின்னால் இருக்கும். 253இல் கால் பங்கு 63. இரண்டையும் கூட்டினால் 180. எடை அந்த 180இல் நின்றால் விமானம் தன்னால் நேராகாது, அதற்குப் பின்னால் போனால் எங்கள் முதல் விமானத்தின் கதிதான். சராசரி அகலத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். அதாவது மூக்கிலிருந்து 155 முதல் 167 மி.மீ.க்குள். முதல் பறப்புக்கு நான் 158இல் வைப்பேன். இந்த எண்ணை அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்துவிடுவேன்.

அடுத்து வெட்டுவது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. மூங்கிலை வில் மாதிரி வளைத்து கரண்ட் கொடுத்தால் சூடேறும் நிக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டுகிறோம். கரண்ட் 12 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மட்டும். வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருந்தால் அதை டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் போட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். வேரியாக்கை நேராகக் கம்பியில் கொடுக்கவே கூடாது. வீட்டுக் கரண்டிலிருந்து அது பிரிந்து நிற்காது, கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மோட்டார் கடைக்காரன் சொல்கிறேன், இதில் விளையாட வேண்டாம்.

இறக்கையின் குறுக்குவெட்டுக்கு எம்எச் 60 வடிவம் எடுத்தோம். வாலில்லா விமானத்துக்கென்றே வரைந்த வடிவம் அது, பின் விளிம்பு லேசாக மேல் நோக்கி இருக்கும். கனம் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு: நடுவில் 30, நுனியில் 20 மி.மீ. இந்த வடிவத்தைச் சன்மைக்காத் துண்டில் இரண்டு அளவிலும் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கி, தெர்மாகோலின் இரு முனையிலும் ஆணியால் பதியுங்கள். நுனியில் உள்ள சன்மைக்காவின் பின் விளிம்பை மட்டும் 7 மி.மீ. உயர்த்திப் பதிய வேண்டும். இரண்டு டிகிரி முறுக்கு அது. வேகம் குறையும்போது நுனி முதலில் சாயாமல் இருப்பது அதனால்தான்.

இரண்டு சன்மைக்காவிலும் 1 முதல் 10 வரை கோடு போட்டுக்கொள்ளுங்கள். வில்லின் நடுப்பக்க முனையில் நான், நுனிப்பக்க முனையில் மருமகன். அவன் "மூணு... நாலு..." என்று சொல்லச் சொல்ல இருவரும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். நடுப்பக்கம் நீளம் என்பதால் என் கை கொஞ்சம் வேகமாகப் போகும், அவன் கை மெதுவாகப் போகும். கம்பியைத் தள்ளக் கூடாது, தானாக உருக்கிக்கொண்டு போக விட வேண்டும். தள்ளினால் நடுவில் கம்பி பின்தங்கி இறக்கையில் பள்ளம் விழும். புகை நல்லதில்லை, முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வைத்து வெட்டுங்கள். வலது இறக்கைக்கும் இடது இறக்கைக்கும் வடிவம் எதிரெதிராக வரும், ஆணி அடிப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள். வெட்டி மிஞ்சும் மேல், கீழ்த் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டும்போது இறக்கை அசையாமல் படுக்க அதுதான் தொட்டில்.

இரண்டு பக்கத்தையும் ஐந்து நிமிட எபாக்சியால் ஒட்டுங்கள். நொடியில் ஒட்டும் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும். மூக்கிலிருந்து 200 மி.மீ. பின்னால், அடிப்பக்கத்தில் குறுக்கே காடி எடுத்து, 700 மி.மீ. நீளமுள்ள 6 மி.மீ. கார்பன் குழாயைப் பதிக்க வேண்டும். பிறகு முழுவதும் கலர் பேக்கிங் டேப். டேப்பை இழுத்து ஒட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், தடவி ஒட்டுங்கள். கறுப்பு டேப் வேண்டாம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் உள்ளே தெர்மாகோல் இளகிவிடும். மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்று போட்டிருக்கிறோம். தூரத்தில் போனாலும் எது மேல், எது கீழ் என்று தெரிகிறது.

பின் விளிம்பில் இரு பக்கமும் 45 மி.மீ. அகலத்துக்கு தெர்மாகோலை நறுக்கிவிட்டு அந்த இடத்தில் பால்சா பலகையை டேப் கீலாக ஒட்டினால் எலிவான் ரெடி. ஏற்றி இறக்குவதும் சாய்ப்பதும் இந்த இரண்டு பலகைதான். நுனிகளில் நிற்கும் செட்டைக்கு விளம்பர போர்டுக்குப் போடும் சன்பேக் அட்டை போதும்.

மோட்டார் ஏ2212, 1400 கேவி. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று என்று அர்த்தம். 8×4 விசிறி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் இ.எஸ்.சி., எலிவானை அசைக்கும் 9 கிராம் செர்வோ இரண்டு, 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. மோட்டாரை மூக்கில் 3 மி.மீ. பிளைவுட்டில் மாட்டி, பேட்டரியை அதற்கு அடுத்துக் குழி வெட்டி வைத்தோம். எங்களுக்கு மொத்த எடை 610 கிராம் வந்தது. வயலில் மூக்கு இடித்துத்தான் இறங்கும் என்பதால் மடங்கும் விசிறி போடுவது நல்லது.

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுங்கள், போர்வெல் மோட்டாரில் செய்வதேதான். விசிறியில் எழுத்து உள்ள முகம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகள் முழுவதும் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

எங்கள் ரிமோட் ஃப்ளைஸ்கை ஐ6. மெனுவில் எலிவான் மிக்ஸை (ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் இரண்டு பலகைக்கும் கலந்து கொடுப்பது) ஆன் செய்து, முதல் சேனலும் இரண்டாம் சேனலும் செர்வோக்களுக்கு. விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் இரண்டு பலகையும் மேலே. வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே. இதை மருமகன் வாய்விட்டுச் சொல்ல, நான் விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பேட்டரி மாற்றியதும் செய்கிறோம். ஏற்ற இறக்கத்துக்கு 8 மி.மீ., சாய்வுக்கு 12 மி.மீ. அசைவு போதும், குச்சியின் நடு அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 சதவீதம். குச்சி நடுவில் இருக்கும்போது இரண்டு பலகையும் 2 மி.மீ. மேல் நோக்கி நிற்கட்டும். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

கடைசியாக, பேட்டரியோடு இரண்டு விரல் நுனியில் 158ஆம் கோட்டில் தூக்குங்கள். மட்டமாகவோ மூக்கு கொஞ்சம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

பறக்க எங்களுக்கு வாய்த்த இடம் சுத்தமல்லிப் பக்கம், பிசான நெல் அறுத்த வயல். மாசி, பங்குனியில் காலை ஆறரைக்குப் போனால் பனை ஓலை அசையாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் புதியவர்கள் எறியவே வேண்டாம். கரண்ட் கம்பியும் பனையும் இல்லாத திசையாகப் பாருங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம் என்ற இடமா) என்று பார்த்துக்கொண்டு, 400 அடிக்குக் கீழேயே பறக்கிறோம். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் பக்கம் ரிமோட்டை எடுத்துக்கொண்டே போவதில்லை.

காற்றை எதிர்த்து நின்று, முக்கால் த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்து, மூக்கு லேசாக மேலே இருக்க நேராகத் தள்ளி விடுங்கள். சுழற்றி எறிய வேண்டாம். எறிகிறவர் ஒருவர், ரிமோட் பிடிப்பவர் ஒருவர் என்று இருந்தால் நிதானம் கிடைக்கும். உயரம் போனதும் மூக்கை நாற்பது டிகிரி கீழே சாய்த்துக் குச்சியை விட்டுப் பாருங்கள். சட்டென்று மேலே எழும்பினால் மூக்கில் எடை கூடுதல், பேட்டரியை 3 மி.மீ. பின்னால் நகர்த்தலாம். இன்னும் செங்குத்தாக விழப் பார்த்தால் உடனே இழுத்து இறக்கிவிட்டுப் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் சரி, அந்த இடத்தை மார்க்கரில் குறித்துவிடுங்கள். எங்களுக்கு 162இல் நின்றது.

டைமரில் 8 நிமிடம். பேட்டரியில் கால் பங்கு மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் 11.4 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து மூடுகிறேன். வண்டியின் சீட்டுக்கு அடியில் வெயிலில் விட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போவதில்லை.