தற்கால ஜாஸ்: பக்கத்தில் வாசிப்பவரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

தற்கால ஜாஸ் கேட்க ஆசை என்று சொன்னால் பலரும் கைகாட்டுவது சாக்ஸஃபோன் கலைஞர் கமாசி வாஷிங்டனின் ‘தி எபிக்’. 2015இல் வந்த பிரமாதமான ஆல்பம். ஆனால் மூன்று டிஸ்க், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், மேடை நிறைய ஆட்கள். முதல் முறை கேட்பவருக்குப் பாதியிலேயே காது களைத்துவிடும். மூன்றே பேர் வாசிக்கும் டிரியோவில் தொடங்குங்கள். யார் என்ன செய்கிறார் என்பது தனித்தனியாகப் புலப்படும்.

நல்ல தொடக்கம், இசிஎம் என்ற இசை நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘அன்ஈஸி’. பியானோ விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். டபுள் பேஸ் (வயலின் போன்ற, ஆள் உயரத் தந்தி வாத்தியம்) லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பேஸின் அடித் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது, மூவரில் ஒருவர் காணாமல் போய்விடுவார். சாதாரண ஒயர் இயர்போன் போதும். ஷஃபிளையும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். இசிஎம் ஆல்பங்கள் சில நொடி மௌனத்தோடு தொடங்கும். சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கூட்டினால் பிறகு காது அதிரும்.

இனி அந்த ஆல்பத்தில் உள்ள ‘நைட் அண்ட் டே’. 1932இல் கோல் போர்ட்டர் எழுதிய பழைய பாட்டு. ஐயர் வாசித்ததைக் கேட்கும் முன், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956இல் பாடியதைக் கேட்டு மெட்டை மனப்பாடமாக்குங்கள். பாட்டு மொத்தம் 48 பார் (தாளச் சுற்று), எட்டு எட்டாக ஆறு பகுதி. பாருக்கு நாலு எண்ணிக்கை. ஆதி தாளம் போடத் தெரிந்தால் ஒரு பகுதிக்கு 4 ஆவர்த்தனம், முழுப் பாட்டுக்கு 24. ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்விங் எனும் பழைய ஜாஸ் நடையில் ஹை-ஹாட் (டிரம்ஸில் காலால் மிதித்து ஒலிக்கும் ஜோடித் தட்டு) விழுவது 2, 4 ஆகிய எண்ணிக்கைகளில். அதாவது நீங்கள் சுண்டு விரலையும் நடுவிரலையும் எண்ணும் இடத்திலும், பிறகு இரண்டு வீச்சிலும். ஹை-ஹாட்டை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே ஓர் எண்ணிக்கை தள்ளிப்போகும். புதியவர்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு ஐயரின் வடிவத்துக்கு வாருங்கள். பியானோ சோலோ (மெட்டை விட்டு மனோதர்மமாக வாசிக்கும் பகுதி) போகும்போது மெட்டை மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். விட்டுப்போனால் பதற வேண்டாம், மெட்டு திரும்பும் இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதே டிராக்கை மறுபடி, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது முறை டிரம்ஸ். சோரி பியானோவுக்குப் பின்னால் தாளம் மட்டும் போடுவதில்லை, பதிலும் சொல்கிறார். அது காதில் விழுந்துவிட்டால் இந்த இசை உங்களுடையது.

அடுத்த ஆல்பத்தை அல்காரிதத்திடம் கேட்காதீர்கள். கேட்டால் காபிக் கடைப் பின்னணி இசைதான் வரும். பிடித்த கலைஞரின் பெயரைத் தேடுங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் வாசித்தவர் பெயர் பல நேரம் இருக்காது. இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலோ, ஆல்ப விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்திலோ பெரும்பாலும் கிடைத்துவிடும். சோரி பிடித்திருந்தால் அவருடைய 2022 ஆல்பம் ‘மெஸ்மெரிசம்’. அதில் பியானோ ஆரன் டீல். அவரைப் பிடித்துப் போனால் பாடகி செசில் மெக்லோரின் சால்வன்டின் 2013 ஆல்பம் ‘உமன்சைல்ட்’. லிண்டா ஓ வழியில் போனால் 2019இன் ‘அவென்ட்யூரின்’; அதில் தந்தி வாத்தியங்களும் சேரும்.

இதெல்லாம் பழகிய பிறகு டிரம்ஸ் கலைஞர் மக்காயா மெக்ரேவனின் ‘யுனிவர்சல் பீயிங்ஸ்’ (2018). நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் என நாலு ஊரில், ஊருக்கு ஒரு குழுவோடு மனோதர்மமாக வாசித்ததைப் பதிந்து, பிறகு வெட்டி ஒட்டிக் கட்டிய ஆல்பம். இங்கே 48 பாரைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். சுழன்று வரும் சின்னத் துண்டைப் பிடியுங்கள். எந்த ஊர் பிடிக்கிறதோ அந்த வழியில் போகலாம்: லண்டன் என்றால் சாக்ஸஃபோன் வாசிக்கும் நூபியா கார்சியா, அவருடைய 2020 ஆல்பம் ‘சோர்ஸ்’, சிகாகோ என்றால் செல்லோ வாசிக்கும் டொமீகா ரீட்.