ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குக் குடிவருகிறவர்களுக்கு

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள். அயர்லாந்தில் டப்ளினும் கால்வேயும் கேள்விப்பட்ட பெயர்கள். ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்றதும் மனசு கொஞ்சம் கலங்கும். எனக்கும் கலங்கியது. முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலைக்கு வந்தேன், பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தேன், வருடங்கள் ஓடிவிட்டன. புதிதாக வருகிறவர்கள் போனில் கேட்கும்போதெல்லாம் சொல்வதை மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். பி.பி.எஸ். எண் என்கிற அரசு அடையாள எண், வங்கிக் கணக்கு, குடியேற்றப் பதிவு இவற்றுக்கெல்லாம் வேலை தருகிற இடத்திலேயே யாராவது வழிகாட்டிவிடுவார்கள். ஊரைப் பற்றித்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

டப்ளினிலிருந்து மேற்கே சுமார் 150 கிலோமீட்டர். மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. ஆனால் நடுவீதியைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், தேர் திரும்புகிற அளவுக்கு அகலம். ஒரு கோடியில் எண்கோண வடிவத்தில் ஒரு பழைய தேவாலயம். மறு கோடியில் ஒரு பெரிய கல் வளைவு. அந்த வளைவைத் தாண்டினால் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க் என்கிற ஜமீன் மாளிகை. சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அங்கே இருந்த மஹோன் குடும்பத்துக்குச் சொந்தம். உழுதவர்கள் எல்லாரும் குத்தகைதாரர்கள்.

வந்த முதல் மாதத்திலேயே அந்த மாளிகையில் இருக்கும் தேசியப் பஞ்ச அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள், ஏன் நிலத்தை உயிராய் நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு. தானியமும் கால்நடையும் நாட்டில் இருந்தன. அவை வாடகைக்கும் ஏற்றுமதிக்கும் போயின. 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து முதன்முதலாக வந்த உதவிகளில் ஒன்று கல்கத்தாவில் திரட்டிய நிதி. அங்கே கும்பினிப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களும் அதில் பணம் போட்டார்கள்.

கடனில் மூழ்கிய இந்த எஸ்டேட்டுக்கு 1845இல் வாரிசாக வந்தவர் மேஜர் டெனிஸ் மஹோன். குத்தகை பாக்கி ஏறிக்கொண்டே போனது. இருக்கிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதைவிடக் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவது செலவு குறைவு என்று அவருடைய காரியஸ்தர் கணக்குப் போட்டார். 1847 மே மாதம் 1,490 பேர் இந்த ஊரிலிருந்து கிளம்பி, ராயல் கால்வாய்க் கரையோரமாகவே டப்ளின் வரை நடந்தார்கள். அங்கிருந்து லிவர்பூல், அங்கிருந்து க்யுபெக். ஏறத்தாழப் பாதிப் பேர் போய்ச் சேரவே இல்லை. காய்ச்சல் கப்பலிலும், க்யுபெக்குக்கு முன்னால் நோயாளிகளைத் தனிமைப்படுத்திய தீவிலும் வாரிக்கொண்டு போனது. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி மஹோனை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள்.

மாளிகையை 1979இல் வாங்கியவர் உள்ளூரில் மோட்டார் வியாபாரம் செய்தவர். வேண்டியிருந்தது நிலம்தான். ஆனால் வீட்டுக்குள் கிடந்த பழைய காகிதங்களைப் புரட்டியபோது, பட்டினி கிடந்த குத்தகைதாரர்கள் 1846இல் எழுதிய ஒரு விண்ணப்பம் கையில் கிடைத்தது. அந்த ஒரு காகிதத்துக்காகவே எல்லாவற்றையும் காப்பாற்றிவைத்தார். 1994இல் அருங்காட்சியகம் திறந்தது.

அந்த மக்கள் நடந்த 165 கிலோமீட்டர் வழி இப்போது நடைபாதையாக இருக்கிறது. வழி நெடுகக் குழந்தைகளின் காலணிகளை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய குடிசைக் கூரைக்குள் சேர்த்துக் கட்டிவைத்த நிலையில் கிடைத்த ஒரு ஜோடிதான் அதற்கு மாதிரி. என் சின்னவளின் கால் அளவுதான் இருக்கும். மழையில் நனைந்த அந்த வெண்கலத்துக்குள் அவள் விரலை விட்டுப் பார்த்தாள். 1847இல் நடந்தவர்களில் டேனியல் டை என்ற பன்னிரண்டு வயதுப் பையனும் அவன் தங்கை கேத்தரினும் உண்டு. பிழைத்துக் கரை சேர்ந்த இருவரையும் க்யுபெக்கில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் எடுத்து வளர்த்தது. அவன் வம்சத்தவர் ஒருவர் 2013இல் இந்த ஊருக்குத் திரும்பி வந்து போனார்.

1841இல் ராஸ்காமன் மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2022 கணக்கில் சுமார் எழுபதாயிரம். வயல் நடுவே கூரையில்லாத கல் சுவர்களைப் பார்க்கும்போது இந்த எண்கள் ஞாபகம் வரட்டும்.

நிலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குத்தகைதாரர் போராட்டம் 1879இல் பக்கத்து மேயோ மாவட்டத்தில்தான் கொழுந்துவிட்டது. அடுத்த வருடம் கேப்டன் பாய்காட் என்ற நிலக்காரியஸ்தரை ஊரே ஒதுக்கிவைத்தது. 'பாய்காட்' என்று நாமும் சொல்கிற சொல் அவர் பெயர்தான். அப்படிப் போராடிக் கைக்கு வந்த நிலம். புல்வெளிதானே என்று பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். அடுத்தவர் வயலுக்குள் நடக்க இங்கே உரிமை கிடையாது. கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு மாடு சாலைக்கு வந்துவிட்டால் பேச்சு பல மாதம் ஓடும். கேட்டுவிட்டுப் போனால் மறுப்பவர்கள் குறைவு.

ஊர்ப் பெயர்கள் முதலில் நாக்கில் நிற்காது. நம் பட்டி, பாளையம், குறிச்சி மாதிரிதான் இதுவும். 'பாலி' என்று தொடங்கினால் ஊர், 'கில்' என்றால் பெரும்பாலும் கோயில், 'ரத்' என்றால் பழைய மண்கோட்டை, 'நாக்' என்றால் குன்று. ஸ்ட்ரோக்ஸ்டவுனின் ஐரிஷ் பெயர் 'பேல் ந முல்லி'. அடிதடி நடந்த ஆற்றுத்துறை என்று பொருள். எந்தப் போர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பக்கத்தில் டல்ஸ்க் ஊரருகே ரத்க்ரோஹன் இருக்கிறது. கொனாக்ட் என்ற மேற்கு மாகாணத்து அரசர்களின் பழைய தலைநகர். அக்டோபர் 31 இரவு பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். இந்த ஹாலோவீனுக்கு முன்னோடியான சௌவின் திருவிழாவுக்கு வேரே அங்குள்ள பூனைக்குகைதான் என்று இந்தப் பக்கத்தவர் பெருமையோடு சொல்வார்கள். மிட்டாய் வாங்கி வைத்திருங்கள்.

இனி வீடு. ஊருக்குள் வாடகை வீடு கிடைத்தால் பாக்கியம். வெளியே கிடைத்தால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பொதுக்குழாயா, கிராமக் கூட்டுத் திட்டமா, சொந்த ஆழ்துளைக் கிணறா? கழிவுநீர் செப்டிக் டாங்குக்கா போகிறது? அப்படியென்றால் வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. டப்பாவில் ஆறவைத்து மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். சூடேற்றுவது மண்ணெண்ணெயா, அடுப்பா? அடுப்பென்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே படுக்கப் போங்கள். சதுப்பு நிலத்துக் கரி மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அதற்கு 'டர்ஃப்' என்று பெயர். முதல் குளிர்காலத்தில் அந்தப் புகை மணம் துணியெல்லாம் ஏறும். இப்போது எனக்கு அது வீட்டு மணமாகிவிட்டது.

பெரும்பாலான வீடுகளில் வெந்நீர்த் தொட்டி வைத்த ஒரு அலமாரி இருக்கும். 'ஹாட் பிரஸ்' என்பார்கள். துண்டு, போர்வை காயவைக்கிற இடம். இட்லி மாவு பொங்கவில்லை என்று அழாதவர் இங்கே யாரும் கிடையாது. மாவுப் பாத்திரத்தை இரவு ஹாட் பிரஸ்ஸின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள், அடியில் ஒரு தட்டும் மறக்காமல். ஜனவரியிலும் காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வண்டி இல்லாமல் இங்கே வாழ்வது சிரமம். பேருந்து உண்டு. ரயிலுக்கு லாங்ஃபோர்ட் போக வேண்டும், இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்திய, இலங்கை உரிமத்தை இங்கே அப்படியே மாற்றித்தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வு, பழகுநர் உரிமம், வகுப்புகள், ஓட்டுநர் தேர்வு என்று முறையாகப் போக வேண்டும். முழு உரிமம் வைத்திருந்தவர்களுக்கு வகுப்புகளில் சலுகை உண்டு, ஆகவே பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் நீளலாம், வந்த வாரமே தொடங்கிவிடுங்கள். கிராமச் சாலைகளில் வேக வரம்பு 2025 பிப்ரவரியிலிருந்து 60 கிலோமீட்டர். எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிவதை நோய் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், பல இடங்களில் பட்டியல் நிரம்பிக் கிடக்கிறது. ராஸ்காமன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு 2011இல் மூடப்பட்டது. சிறு காயங்களுக்கு மட்டும் அங்கே ஒரு பிரிவு உண்டு. உயிர் ஆபத்து என்றால் 112, அல்லது 999. வீட்டின் ஏர்கோட் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண், பதற்றத்தில் வழி சொல்ல வேண்டியிருக்காது.

கிராமப் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபை ஆதரவில் நடப்பவை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்பதை முன்னுரிமைக்குக் காரணமாக வைக்கக் கூடாது என்று 2018இலேயே சட்டம் வந்துவிட்டது. மத வகுப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். இரண்டாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் முதல் நற்கருணை என்கிற தேவாலயச் சடங்குக்குத் தயாராகும்போது உங்கள் பிள்ளை என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே ஆசிரியரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு அடுத்து கேலிக் கால்பந்து, இந்த நாட்டின் சொந்த விளையாட்டு. அதை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தொடங்கியது. எண்பதாயிரம் பேர் பார்க்கும் இறுதிப் போட்டியில் ஆடுபவருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை அவர் உங்கள் பிள்ளைக்கு வாத்தியாராக நிற்பார். பிள்ளையைக் கிளப்பில் சேர்த்துவிட்டு, கோட்டோரம் நின்று மழையில் நனையுங்கள். எனக்கு முதல் பத்து சிநேகிதம் கிடைத்தது அங்கேதான்.

பேச்சில் ஒன்று கவனியுங்கள். டீ வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதும் மரியாதை. நமக்கு இது புதிதல்ல. 'கிராண்ட்' என்றால் பரவாயில்லை என்றுதான் அர்த்தம், பிரமாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2025 ஜனவரி 24 அன்று ஏயோன் புயல் வந்தது. கால்வே கடற்கரையில் உள்ள மேஸ் ஹெட்டில் 183 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. நாடு முழுக்க 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் போனது. மேற்குப் பக்கத்தில் சில வீடுகளுக்கு வாரக்கணக்கில் வரவில்லை. எங்கள் வீட்டில் கிணற்று மோட்டார் நின்றதும் தண்ணீரும் நின்றது. மறுநாள் விடிந்ததும் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் ஒரு டிரம் தண்ணீரும், பிளாஸ்கில் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தார். 'தேங்க்ஸ்' சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை என்றால் முதல் நாளே குளியல் தொட்டியை நிரப்புங்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்றிவையுங்கள், காஸ் அடுப்பு ஒன்று தயாராக இருக்கட்டும்.

அடுத்த மாதம் அந்தப் பண்ணைக்காரரின் அப்பா காலமானார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை இந்த ஊர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. ஒருமுறை பார்த்துப் பேசியவர் என்றாலும் போவார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கும் முதல் நாள் இரவு சாவு வீடு மாதிரியே ஊர் கூடி விழித்திருந்தது. 'அமெரிக்கன் வேக்' என்று அதற்குப் பெயர். திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்துதான் அழுதார்கள்.

யார் இறந்தார்கள் என்பது உள்ளூர் வானொலியிலும் ஆர்.ஐ.பி. இணையதளத்திலும் வரும். 'ஹவுஸ் பிரைவேட்' என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது, தேவாலயத்துக்கு மட்டும் போகலாம். இல்லையென்றால் வீட்டுக்கே போங்கள். வரிசையில் நின்று குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, 'சாரி ஃபார் யுவர் டிரபிள்' என்று மட்டும் சொன்னால் போதும். பெட்டி திறந்திருக்கும். ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகரலாம். இந்து, முஸ்லிம் என்று தயங்க வேண்டாம், பூசையின்போது பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே போதும். நற்கருணை வாங்கப் போக வேண்டியதில்லை.

அன்று அந்தப் பெரியவரின் மனைவி என் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. பின்னால் இன்னும் ஐம்பது பேர் நிற்கிறார்கள். "சின்னவளுக்கு இருமல் விட்டதா?" என்று கேட்டார். பிறகு அடுக்களையில் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். நான் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று யாரோ ஞாபகம் வைத்திருந்து, முட்டை வைத்ததைத் தனித்தட்டில் எடுத்து வந்தார்கள்.

கறுப்பு நிறத்தில் மழைக்குத் தாங்குகிற ஒரு நல்ல கோட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாங்ஃபோர்டிலேயே கிடைக்கும்.