ஓர் அரசியின் உருவ ஓவியத்தைப் பார்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

பழைய அரண்மனை ஓவியங்களின் முன் நின்று, "அழகாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நகர்ந்துவிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சிக்கு, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மனைவி ஹென்றியேட்டா மரியாவை ஆந்தனி வான் டைக் 1633இல் தீட்டிய ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். அது இப்போது வாஷிங்டனிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

படி 1: விளக்கக் குறிப்பைப் படிக்கும் முன் அளவை மனத்தில் கொள்ளுங்கள். ஓவியம் ஏறத்தாழ 219 செ.மீ. உயரமும் 135 செ.மீ. அகலமும் உடையது, கைப்பேசித் திரையில் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிரம்மாண்டம் தெரியாமலே போய்விடும்.

படி 2: அரசியின் உயரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். ஓவியர் நம் பார்வையைத் தாழ்வாக வைத்திருப்பதால் நாம் அவரை அண்ணாந்தே பார்க்கிறோம். நீலப் பட்டாடை இடையிலிருந்து தரைவரை நீண்டு விழுகிறது. பின்னால் ஒரு தூண் அவரோடு சேர்ந்து மேலெழுகிறது. அருகில் சிவப்பு உடையில் நிற்பவர், அரசவையில் வாழ்ந்த குள்ள உருவினரான ஜெஃப்ரி ஹட்சன். அப்போது அவருக்கு வயது சுமார் 14. அவர் அங்கே அளவுகோலாகவும் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

படி 3: பொருள்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மகுடம் தலையில் இல்லை. பொன்னிறத் துணியின் மேல் ஒதுங்கியிருக்கிறது, ஏனெனில் அரசி வேட்டைக்குரிய உடையில், அகன்ற தொப்பியுடன் நிற்கிறார். ஆரஞ்சு மரம் தூய்மையையும் கன்னி மரியாளையும் நினைவூட்டுவது. கத்தோலிக்கரான அரசிக்கு அது பொருந்தும். ஹட்சனின் கையிலுள்ள குரங்கின் மேல் அரசியின் கை படிந்திருப்பதை, இச்சைகளை அடக்கி ஆளும் குறியாகப் பலர் கொள்கிறார்கள்.

படி 4: ஓவியத்துக்கு வெளியே ஒரு சாட்சியைத் தேடுங்கள். 1642இல் ஹாலந்து சென்ற அரசியை நேரில் கண்ட சிறுமி சோஃபியா, சார்லஸின் சகோதரி மகள். வான் டைக்கின் ஓவியங்களை நம்பிப் பேரழகியை எதிர்பார்த்தவர். குள்ளமான உடலையும், மெலிந்து நீண்ட கைகளையும், சமமற்ற தோள்களையும், வாயிலிருந்து துருத்திய பற்களையுமே கண்டதாகப் பின்னாளில் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

படி 5: இப்போது மீண்டும் ஓவியத்துக்கு வாருங்கள். மூடிய உதடுகளையும், தோள்களை மறைத்து விரிந்து கிடக்கும் லேஸ் கழுத்துப்பட்டையையும் பொறுமையாகப் பாருங்கள்.